நான்காவது வரிக்குச் சான்று

கையெழுத்துதானே, போடுகிறேன். அதற்காகத்தானே இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள்.

மேகலா என்றுதானே போனில் சொன்னீர்கள்? ஒப்பாரிப் பாடல் களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். நல்லது. படிவத்தைப் பார்த்துவிட்டேன். "தொகுப்பாளர் தரப்பில் திருத்தம் ஏதுமில்லை." அதற்கடியில் ஒரு கோடு. கோட்டுக்கடியில் இரஞ்சிதம் என்று என் பெயர். எவ்வளவு வசதி! முதல் பதிப்பின்போது இப்படி யாரும் அச்சடித்துத் தரவில்லை. திருத்தம் இல்லை என்பதையும் நாங்களே கைப்பட எழுத வேண்டும். எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும். அச்சடித்த படிவத்தில் கை நிற்பதற்கு இடமே இல்லை.

பேனாவை மூடி வையுங்கள். ஒரு பாட்டைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு. தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும்! நீங்களும் கல்லூரியில் அதைப் படித்திருப்பீர்கள். சிரிக்கிறீர்கள். படித்திருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டில் ஒரு தவறு இருக்கிறது. இல்லை, தவறு இருக்கிறது என்று சொல்லக் கூடாது. தவறு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமா? நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வு மையத்தில் நாங்கள் நான்கு பேர். தலைமைப் பதிப்பாசிரியர் அருளானந்தம் சார். மற்ற மூவரும் தொகுப்பாளர்கள். ஊர் ஊராகப் போய் ஒப்பாரிகளைக் கேசட்டில் பதிந்து வருவோம். பிறகு ஒவ்வொரு பாட்டையும் ஒரு அட்டையில் எழுதுவோம். அட்டையின் மேல் பாதியில் பாட்டு. கீழ்ப் பாதியில் சான்று. பாடியவர் பெயர், வயது, ஊர், என்றைக்குப் பாடினார், எந்த இடத்தில் வைத்துப் பாடினார், யாருடைய சாவுக்குப் பாடிய பாட்டு, பதிந்தது யார், கேசட் எண், கேசட்டின் எந்தப் பக்கம். இதில் ஒன்று குறைந்தாலும் சார் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். "சான்று இல்லாத பாட்டு டிக்கெட் இல்லாத பயணி. எவ்வளவு நல்லவனா இருந்தாலும் வழியிலேயே எறக்கி விட்டுரணும்" என்பார்.

நான் அவரையும் மிஞ்சினவள். ஒரு பேராசிரியர் நாற்பது பாட்டு அனுப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் "பாடியவர்: கிராமத்துப் பெண்மணி ஒருவர்." நாற்பதையும் திருப்பி அனுப்பினேன். "அந்தப் பெண்மணிக்குப் பெயர் இல்லையா?" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன். அவர் மையத்துக்கே வந்து சத்தம் போட்டார். சார் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்க ரஞ்சிதத்துக்கிட்ட எமனே வந்தாலும் கேசட் நம்பர் கேக்கும், நீங்க எம்மாத்திரம்?"

எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போதும் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் ஒரு சொல் கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பொருள் விளங்கட்டும் என்று தொகுப்பாளர் ஒரு சொல் சேர்த்தால், அதைப் பகர அடைப்புக்குள் போட வேண்டும். பெட்டியை இரண்டாகப் பிளந்து வைத்த மாதிரி இருக்குமே, அந்த அடைப்புக்குறி. அதற்குள் இருப்பது பாடியவர் வாயிலிருந்து வந்ததல்ல, எங்கள் கையிலிருந்து போனது என்று அர்த்தம். அவ்வளவுதான் விதி. சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும்.

எண்பத்தேழு மாசி மாதம் சிவகங்கைப் பக்கம் நெடுவரேந்தல் என்ற ஊருக்குப் போனேன். ராக்காயி என்று ஒரு அம்மா. வயது அறுபத்தொன்று. மகன் முத்துக்கருப்பன் மஞ்சள்காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகனுக்காக அவர் கட்டிப் பாடியதைச் சுற்று வட்டாரத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் போய் டேப் ரெக்கார்டரை வைத்ததும் எழுந்துவிட்டார்.

"இங்க வேணாந் தாயி. சாவு விழுகாத நேரத்துல வீட்டுல ஒப்பாரி வச்சா, அது சாவைத் தேடும். வா, கம்மாக்கரைக்குப் போவோம்."

போனோம். ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கருவேல மரம். ராக்காயி, நான், அவருடைய மருமகள். மருமகள் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மருமகளின் பெயரை நான் கேட்கவில்லை. அவள் பாடவில்லையே, அட்டையில் அவளுக்கு இடம் இல்லையே.

ராக்காயி பாடினார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் கடைசிக் கண்ணி இது:

கம்பு வெளஞ்ச காட்டுக்குக்
காவல் ஒண்ணு போட்டு வச்சேன்
தெம்பு கொறஞ்ச நேரத்துல

அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கேசட் முடிந்து பட்டன் மேலே எழும்பிவிட்டது. நான் அவசரமாகக் குனிந்து கேசட்டைத் திருப்பிப் போட்டு நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. ராக்காயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கடைசி நாலு வரி மட்டும் இன்னொரு தடவை…" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபம் கூட இல்லை.

"என்ன தாயி, எம்மகன் ரெண்டு தடவையா செத்தான்?"

டேப் ரெக்கார்டரை மூடினேன். மருமகள் பஸ் நிற்கும் இடம் வரை வந்து வழி காட்டினாள். அவளிடமாவது கேட்டிருக்கலாம். "நாலாவது வரி என்னம்மா?" என்று ஒரு வார்த்தை. கேட்கத் தோன்றவில்லை.

அட்டையில் மூன்று வரி எழுதி, நான்காவதற்குப் புள்ளி வைத்தேன். விதிப்படி. அந்தப் புள்ளிகளோடு ஒரு மாதம் இருந்தேன். நான் கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்பது வருஷம் அனுப்பினேன். "வருந்துகிறோம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த வருத்தமும் அச்சடித்த வருத்தம். எழுதத் தெரியாவிட்டாலும் எனக்குக் காது உண்டு என்று ஒரு நம்பிக்கை. ஒரு பாட்டில் எந்தச் சொல் இடம் மாறினாலும் என் காதுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொள்வேன். மூன்று வரி கேட்டுவிட்டு நான்காவதற்குக் காத்திருக்கும் காது, என்ன பாடு படும் சொல்லுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அது வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்ணி தர ஆளில்லையே

நான் படித்த ஒப்பாரிகள் பாதிக்கு மேல் "இல்லையே" என்றுதான் முடிந்தன. இதுவும் அப்படித்தான் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் புள்ளிகளை அழித்துவிட்டு அட்டையில் எழுதினேன். பகர அடைப்புக்குள்தான் எழுதினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அடைப்புக்குள்தான் எழுதினேன்.

அந்தச் சமயம் சாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. படிக்கக் கூடாது. நான்தான் அட்டைகளை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அடைப்புக்குறி வந்தால் வாயால் சொல்ல வேண்டும். "அடைப்பு", அப்புறம் அந்தச் சொல், அப்புறம் "அடைப்பு முடிந்தது." அந்த மாதம் முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் சொல்லவில்லை. பாட்டின் ஓட்டத்தை ஏன் வெட்ட வேண்டும், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முடித்தேன். சார் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"அந்த அம்மா படிச்சவங்களா?"

"இல்ல சார். கைநாட்டு."

"அதான். படிச்சிருந்தா இந்தக் கடைசி வரி வந்திருக்காது."

பக்கத்து மேஜையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவையும் நான் அடைப்பு என்று சொல்லவில்லை. இந்தக் களஞ்சியமே இந்த ஒரு வரிக்காக வெளிவர வேண்டும் என்றார். ஒன்பது வருஷத்தில் யாரும் என் வரி ஒன்றை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னதில்லை அம்மா. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? வரியை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கச் சொல்வார். புள்ளி! யாராவது புள்ளியை வாசித்து அழுவார்களா?

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். ஒரு பிளேடு. அடைப்பின் இந்தப் பக்கம் ஒரு சுரண்டல், அந்தப் பக்கம் ஒரு சுரண்டல். அட்டையில் லேசாகச் சொரசொரப்பு இருந்தது. நகத்தால் தேய்த்துவிட்டேன்.

மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெயர் சரி. வயது சரி. தேதி சரி. கண்மாய்க்கரை என்று இடம் கூடப் போட்டிருந்தேன். கேசட் எண் சரி, முதல் பக்கம் என்பதும் சரி. அவ்வளவு ஒழுங்கான சான்று அந்தப் புத்தகத்தில் வேறு எந்தப் பாட்டுக்கும் இருக்காது.

புத்தகம் வந்தது. சார் முன்னுரையில் அந்த வரியைத்தான் போட்டார். ஒரு கல்லூரிப் பாடநூலில் அந்தப் பாட்டைச் சேர்த்தார்கள். கருத்தரங்குகளில் அந்த வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். அரங்கம் அமைதியாகும். நான் பின் வரிசையில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். பாடநூலில் ஒரு விளக்கமும் எழுதிவிட்டார்கள். "காவல்" என்றால் மகனுக்குக் கட்டி வைத்த மனைவியாம். அந்தக் காவல் கடமையைச் செய்யவில்லையாம். மரணப்படுக்கையில் கணவனுக்குத் தண்ணீர் கூடத் தராத மருமகளைத் தாய் குற்றம் சொல்கிறாளாம். படித்தபோது, நன்றாகத்தான் பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மேகலா. இடுப்பில் குழந்தையோடு எனக்கு வழி காட்டிய ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

சார் போய்ச் சேர்ந்தார். மையத்தை மூடினார்கள். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. இரண்டாம் பதிப்புக்கு நான் "திருத்தம் இல்லை" என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அப்போதும் கை நின்றது. கொஞ்ச நேரம்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. உங்கள் பதிப்பகத்து முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பிவிட்டு வந்தது. யாரோ ஒரு பெண் எழுதிக் கொடுத்த எழுத்து. "நீங்கள் எங்கள் அத்தையிடம் பாட்டு எடுத்துப் போனீர்கள். அந்த நாலாவது வரியை எங்கள் அத்தை பாடவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். இப்படிக்கு பஞ்சவர்ணம், நெடுவரேந்தல்."

மூன்று வாரத்துக்கு முன்னால் போய் வந்தேன். எனக்கு எழுபத்துநாலு வயது, அவளுக்கு அறுபத்திரண்டு. பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றிருந்தாள்.

"வாங்க டீச்சர். அப்பவும் மூக்குக் கண்ணாடி, இப்பவும் மூக்குக் கண்ணாடி. அதே கண்ணாடியா?" என்று சிரித்தாள். "என்ன இப்படி வத்திப் போயிட்டீங்க? இருங்க, கலர் வாங்கியாரச் சொல்றேன்."

கலர் வந்தது. குடித்தேன். ஆரஞ்சு நிறம், தித்திப்பு. அவள் வீட்டில் நான் உட்கார்ந்து கலர் குடிக்கிறேன்.

அவளே ஆரம்பித்தாள்.

"எம்மக வாசுகி, அதான் அன்னைக்கு இடுப்புல இருந்தாளே, அவ காலேசு படிச்சா. ஒரு தடவ வார நடுவுல வந்துட்டா. தோள்ல கெடந்த பையைக்கூட எறக்கல. 'அப்பாவுக்கு நீ தண்ணி குடுக்கலையாம்மா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? பதினோரு நாளு டீச்சர். வாய்க்குள்ள ஒண்ணும் எறங்கல அந்த மனுசனுக்கு. துணிய நனைச்சு நனைச்சு ஒதட்டுல வச்சுக்கிட்டே இருந்தேன். அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதைச் சொன்னேன். ஒங்க அப்பத்தா அப்படிப் பாடவே இல்லடின்னும் சொன்னேன். அவ புத்தகத்தை விரிச்சுக் காட்டுறா. 'இந்தா அப்பத்தா பேரு. இந்தா வயசு. தேதி போட்டிருக்கு. கம்மாக்கரைன்னு போட்டிருக்கு. டேப்பு நம்பர் போட்டிருக்கு. ஒங்கிட்ட என்ன இருக்கு?'ங்கிறா. எங்கிட்ட என்ன நம்பர் இருக்கு டீச்சர்?"

நான் கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"அத்தைக்கிட்டக் கேக்கலாம்னா அவுக அதுக்கு முன்னாடியே போயிட்டாக. யாரைக் கேக்க?"

"வாசுகி இப்ப எங்கே?"

"திருப்பூருல. வருவா. தீவாளிக்கு வருவா, பொங்கலுக்கு வருவா. சேலை எடுத்துக் குடுப்பா, மாத்திரை வாங்கிப் போடுவா. ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டா. நான் செம்பை நீட்டினா, 'இருக்கட்டும்மா'ன்னு சொல்லிட்டு உள்ள போய்த் தானே மோந்து குடிச்சுக்குவா. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. அவளுக்கே தெரியுமோ என்னவோ, அப்படிச் செய்யிறான்னு."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வரியை எழுதியது நான் என்று. அதற்காகத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பதிவில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது" என்றேன். நேர்ந்திருக்கிறது! மழை பெய்திருக்கிறது என்பது போல.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிசினுதானே டீச்சர், அதுக்கு என்ன தெரியும்? அன்னைக்கே அது டக்குனு கத்துச்சு. நீங்க மனசு ஒடஞ்சு போகாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு, ராக்காயி பாடிய வரி என்ன என்று கேட்டேன். வீட்டுக்குள் சொல்ல மாட்டேன் என்றாள். மறுபடி கண்மாய்க்கரைக்குப் போனோம். கண்மாயில் தண்ணீர் இல்லை. பாடாமல், பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

தெம்பு கொறஞ்ச நேரத்துல
தாங்கி நின்னா பஞ்சவர்ணம்

புரிகிறதா? காவல் போட்டு வைத்தேன், அந்தக் காவல் தாங்கி நின்றது. மகன் செத்த துக்கத்துக்கு நடுவில் ஒரு மாமியார் மருமகளின் பெயரைச் சொல்லிப் பாடியிருக்கிறார். வெளியூர்க்காரி என் முன்னால் பாடியிருக்கிறார். அவளுக்கு இந்த உலகம் கொடுத்த சான்று அது ஒன்றுதான். அந்த இடத்தில்தான் நான் என் வரியை வைத்தேன்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அழுதேனா? இல்லை. பையிலிருந்து அட்டையை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டேன், "இதை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா?" என்று. பழக்கம்! தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தியை இன்னொரு சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. அதுவும் எங்கள் விதிதான்.

பஞ்சவர்ணம் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்களே டீச்சர்."

"நானா?"

"நீங்கதான். கேசட்டைத் திருப்பிக்கிட்டே இருந்தீங்க. காது இங்கதானே இருந்துச்சு? மிசினுதான் நின்னுச்சு, அத்தை நிக்கலையே. ஒங்க தலைக்கு மேலதானே பாடினாக."

ஆமாம். பாட்டு என் தலைக்கு மேல்தான் போயிருக்கிறது. மூன்று அடி தூரம் கூட இருக்காது. நான் கேட்டிருக்கிறேன். என் காது, என் காது என்று ஒன்பது வருஷம் சொல்லிக்கொண்டேனே, அந்தக் காதுக்குள் போன வரி அது. ஒரு எழுத்துக் கூடத் தங்கவில்லை.

அவள் கடைசியில் இரண்டு கேட்டாள். "புத்தகத்துல இருக்கே, அதை எடுத்துடுங்க டீச்சர். 'நானும் கேட்டேன், இந்த வரிதான்'னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. ஒங்க எழுத்துன்னா நம்புவா. ஒங்களுக்குத்தான் நம்பர் எல்லாம் இருக்கே."

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வரி. கண்மாய்க்கரையில் நானும் கேட்டேன் என்று. அவளுக்குப் பெரிய உபகாரம். ஆனால் எனக்கு நினைவில்லை அம்மா. இந்த மூன்று வாரமாகக் கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். சில சமயம் ராக்காயியின் குரலில் "தாங்கி நின்னா" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அது ராக்காயி குரலா, பஞ்சவர்ணம் சொன்னதற்கு நான் போட்டுக்கொண்ட குரலா? குரல் போடத்தான் எனக்கு நன்றாக வருமே. கேட்டேன் என்று எழுதினால் இன்னொரு தடவை பிளேடு எடுத்த மாதிரிதான்.

"ஊருக்குப் போய் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தாள். மூன்று வாரம் ஆயிற்று. எழுதவில்லை. நீங்கள் இன்றைக்கு வராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றாம் பதிப்பில் என் வரிக்கு அந்தப் பகர அடைப்பைத் திரும்பப் போட்டுவிடலாம். அடிக்குறிப்பில் பஞ்சவர்ணத்தின் வரியையும் கொடுத்து, "இவ்வாறும் ஒரு பாடம் உண்டு" என்று போடலாம். இரண்டும் இருக்கும். ஆய்வாளர்களுக்கும் வசதி. முறைப்படி அது தவறில்லை, நீங்களே சொல்லுங்கள். ஒலிநாடாவில் இல்லாத வரியை மேலே கொண்டுவருவதற்குச் சான்று போதுமா என்று நாளைக்கு ஒருவர் கேட்டால்…

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள்.

என் வரி மட்டும் ஒலிநாடாவில் இருந்ததா என்றா கேட்கிறீர்கள்?

இல்லை. இல்லைதான்.

இருங்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்கள் எனக்கு. பஞ்சவர்ணம் அடைப்புக்குறி கேட்கவில்லை. "அதை எடுத்துடுங்க டீச்சர்" என்றாள், அவ்வளவுதான். நான் மூன்று வாரமாக அதைக் காப்பாற்ற வழி தேடியிருக்கிறேன். அவளுடைய வரி ஓசையில் கொஞ்சம் மட்டம் என்று கூட ஒரு நாள் நினைத்தேன். பாவி. நினைத்தேன்.

படிவத்தைக் கொடுங்கள். வேண்டாம், நான் எழுதினால் சொல்லை மாற்றிவிடுவேன், நீங்களே எழுதுங்கள். அச்சடித்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நன்றாக அடியுங்கள். அதற்குக் கீழே எழுதுங்கள்.

"பாடல் 412. முந்தைய இரண்டு பதிப்புகளிலும் அச்சான நான்காம் வரி ராக்காயி பாடியது அல்ல. ஒலிநாடா மூன்றாம் வரியோடு முடிந்துவிட்டது. அந்த வரியைத் தொகுப்பாளர் இரஞ்சிதம் எழுதிச் சேர்த்தார். அது தொகுப்பாளர் எழுதியது என்று காட்டிய அடைப்புக்குறியை அவரே சுரண்டி அழித்தார். அந்த வரி நீக்கப்படுகிறது." நீக்கப்படுகிறது இல்லை. "அந்த வரியை நீக்குகிறேன்." அப்படி எழுதுங்கள்.

"நான்காம் வரி: தாங்கி நின்னா பஞ்சவர்ணம். சொன்னவர்: பஞ்சவர்ணம், வயது 62, ராக்காயியின் மருமகள். பாட்டைப் பாடியபோது உடன் இருந்தவர். சொன்ன இடம்: நெடுவரேந்தல் கண்மாய்க்கரை." தேதி அட்டையில் இருக்கிறது, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னும் ஒன்று. "பதிவு செய்தவரும் பாடியபோது உடன் இருந்தார். அவருக்கு நினைவில்லை."

எழுதிவிட்டீர்களா? ஒரு தடவை படியுங்கள்.

ம்.

வாசுகி நம்புவாளா? எனக்குத் தெரியவில்லை. "நானும் கேட்டேன்" என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பாள். இதில் இருப்பது, புத்தகத்தில் போட்டது பொய் என்பதும், அம்மா சொன்னது இது என்பதும்தான். அம்மாவை நம்புவது அவள் பாடு. பொய்யை நடுவிலிருந்து எடுத்துவிடலாம், அதற்கு மேல் என்னால் முடிகிற காரியம் ஒன்றும் இல்லை.

புத்தகம் வர எட்டு மாதம் ஆகும் என்றீர்கள். அது வரை வேண்டாம். போகிற வழியில் இதை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். அட்டையின் பின்பக்கம் வாசுகியின் திருப்பூர் முகவரி இருக்கிறது, பஞ்சவர்ணம் சொல்லி எழுதியது. ஒன்றை அங்கே அனுப்புங்கள். இன்னொன்றை நெடுவரேந்தலுக்கு. கடிதம் எழுதிக் கொடுத்த பெண் பஞ்சவர்ணத்துக்குப் படித்துக் காட்டுவாள். மிசின் செய்யவில்லை என்று அப்போது அவளுக்குத் தெரியும். இன்றைக்கே அனுப்ப வேண்டும். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இனிஷியல் வேண்டுமா? போட்டுவிட்டேன்.

அந்த வரியைச் சின்ன எழுத்தில், அடிக்குறிப்பில், என் பெயரோடு… வேண்டாம். ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தைப் பைக்குள் வையுங்கள். ஜிப்பை இழுத்து மூடுங்கள். வந்தவர்களை வாசல் வரை வந்து வழியனுப்பாமல் இருப்பது எனக்கு வழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் நான் எழுந்து வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்தால் அதைத் திருப்பிக் கேட்பேன். போங்கள் அம்மா. கதவைச் சாத்திக்கொண்டு போங்கள்.